வெயிலில் வந்த வெள்ளம்

என் செல்லத் தம்பி மணி,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பொறுமை கிடையாது. இந்தக் கார்த்திகையில் அருவியாறு மறுபடியும் ஊருக்குள் வந்தது. உன் வீட்டு யன்னல் வரைக்கும் தண்ணீர் ஏறியது. ஆனால் ஒருவரும் சாகவில்லை, ஒரு குழந்தைக்குக்கூடக் கால் நனையவில்லை. இதை எழுதும்போது என் முகத்தைப் பார்த்தால், "பெரிய கங்காணிக்கு இப்ப தலைகால் தெரியேல்ல" என்று கேலி செய்திருப்பாய். செய்துகொள். இன்றைக்குப் பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாக நான் ஒருவரிடமும் வாய் திறக்காத விஷயம். இனி அதை ஊரே படித்தாலும் பரவாயில்லை. அன்றைக்கு உன்னை ஆற்றங்கரைக்கு அனுப்பியது நான்தான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அதுவும் ஒரு கார்த்திகைதான். மூன்று நாள் விடாமல் பெய்த மழை விட்டு, காலையில் நல்ல வெயில். எல்லா வீட்டுக் கொடியிலும் துணி. நீ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் படலையடியில் சும்மா நின்றாய். நீ சும்மா நின்றால் எனக்குத்தான் பொறுக்காதே, தோட்டத்துக் கங்காணி மாதிரி வேலை ஏவுவேன். "மழைதான் விட்டிட்டுதே, ஆத்தங்கரையில கிடக்கிற தண்ணி மோட்டரை எடுத்துக்கொண்டு வா" என்றேன். "சரி கங்காணி" என்று சிரித்துவிட்டுப் போனாய். மத்தியானம், வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத நேரத்தில், ஆறு கரையை மேவி வந்தது. மறுநாள் பனங்கூடலுக்குள் உன்னைக் கண்டெடுத்தார்கள்.

மழை விட்டால் பயமும் விட்டது என்று நம்பித்தானே நாம் வளர்ந்தோம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் இருந்தபோது, மழை கொட்டினால் அப்பா பின்பக்கத்து மண்மேடு சரியுமோ என்று பார்த்தபடியே இருப்பார். மழை நின்றதும் "பொழச்சோம், தேத்தண்ணிய ஊத்து" என்பார். அந்த நம்பிக்கையையும் சட்டி பானையோடு கட்டி ஊர்ச் சனமெல்லாம் மன்னாருக்குக் கொண்டுவந்துவிட்டோம். இந்தச் சமதரையில் அது உதவாது என்று நமக்கு யார் சொன்னார்கள்?

எனக்குச் சொன்னது அரசாங்கக் கந்தோரில் இருந்து வந்த ஒரு பிள்ளை. நீ போய் இரண்டு வருடம் கழித்து, வெள்ளத்துக்கு முன்னேற்பாடு, அனர்த்த ஆயத்தம் என்று ஒரு கூட்டம் வைத்தார்கள். அவள் பள்ளிக்கூட மண்டபத்துச் சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் ஆற்றை வரைந்தாள். மேலே வேறு மாவட்டங்களில் பெய்கிற மழையெல்லாம் இந்த ஒரு கோட்டுக்குள் சேர்ந்து, மெதுவாக இறங்கி, நம் ஊரைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும் என்றாள். நான் எழுந்து கேட்டேன்.

"அப்ப எங்கட ஊரில மழை விட்டாப் பிறகும் வெள்ளம் வருமோ, பிள்ளை?"

"ஓம் அம்மா. பெரிய வெள்ளம் அப்பதான் வாறது. மேல பெய்ஞ்ச தண்ணி இஞ்ச வந்துசேர நேரம் எடுக்கும்."

நான் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். உனக்காகத்தான் அழுதேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். இவ்வளவு சின்ன விஷயம் தெரியாமல் போயிற்றே என்ற ஆத்திரம்தான் அதிகம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் தம்பி, இன்னும் விடவில்லை.

மேலே அணைக்கட்டுப் பக்கம் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் நிஸார் நானாவைத் தெரியும்தானே. மாதர் சங்கத்துப் பெண்கள் நான்கு பேரோடு போய் அவரைப் பிடித்தேன். கந்தோரில் கேட்டு, அங்கே பாலத்துத் தூணில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று வளையம் தீட்டினோம். தண்ணீரில் மஞ்சள் மறைந்தால் நானா எனக்குப் போன் அடிக்க வேண்டும். அங்கே அவ்வளவு ஏறினால் நாலைந்து மணி நேரத்துக்குள் நமக்கு வந்துவிடும். யார் வீட்டில் நடக்க முடியாதவர், யார் வீட்டில் கைக்குழந்தை, யார் யாரைத் தூக்குவது, எல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். போய்ச் சேரும் இடம் மேட்டுப் பள்ளிக்கூடம்.

முதல் ஒத்திகையை இந்த வருடம் ஆனி மாதத்தில்தான் வைக்க முடிந்தது. மழை காலத்தில் வைப்போம் என்றார்கள். மாட்டேன் என்றேன், வெயிலில் ஓடிப் பழக வேண்டும் என்பதுதானே முழு விஷயமும். கால் வைத்தால் புழுதி பறக்கிற ரோட்டில் பாயும் பையுமாக ஊரையே நடத்திக்கொண்டு போனேன். கடைசி வீட்டுச் சின்னையா மாமா மட்டும் ஆடுகளோடு படலையில் நின்று சிரித்தார். "லெச்சுமிக்கு வெயிலு தலைக்கேறிப் போச்சு" என்றார்.

உன் மனைவி புஷ்பாவும் வரவில்லை. அது என்னைச் சுட்டது. நீ போன நாளில் இருந்தே என்னோடு அளந்துதான் பேசுவாள். ஒத்திகைக்கு முதல் வாரம் உன் தப்புமேளத்தைக் கேட்டுப் போயிருந்தேன். தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடித்த அந்த அடியைக் கேட்டால், வாசலுக்கு வராத கால் நம் ஊரில் இல்லை. நீ திருவிழாவில் அதை அடித்துக் காட்டினால் கிழவர்களெல்லாம் எழும்பி நிற்பார்களே. ஆனால் அவள் சுவரையே பார்த்துக்கொண்டு, "அவரின்ர மேளத்தில கை வைக்க வேண்டாம் மதினி" என்றாள். நான் ஒரு விசில் வாங்கினேன்.

இந்தக் கார்த்திகைக்கு வருகிறேன். அதே போல அடைமழை. அதே போல ஒரு நாள் காலையில் விட்டு, கண் கூசுகிற வெயில். அதே போல எல்லாக் கொடியிலும் துணி. எட்டு மணிக்கு நானா போன் அடித்தார்.

"தங்கச்சி, மஞ்சள் மறைஞ்சிட்டுது. சிவப்பும் பாதி போயிட்டுது. வெயிலைப் பாக்காதீங்கோ. சனத்தை எழுப்புங்கோ."

ரோட்டில் இறங்கி விசில் ஊதினேன். பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் துணியை உதறினார்கள். "பிறகு வாறம் அக்கா, இப்பதானே வெயில் கண்டது" என்றாள் ஒருத்தி. சின்னையா மாமா ஆடுகளை ஆற்றுப் பக்கமே ஓட்டிக்கொண்டிருந்தார். "என்ன லெச்சுமி, வெயிலுக்கு விசில் ஊதுற?" என்றார். ஊதி ஊதி மூச்சு வாங்கியதே தவிர ஒரு படலையும் திறக்கவில்லை. இந்த முறை ஊரே என் கண் முன்னால் ஆற்றோடு போகப் போகிறது என்று நினைத்தேன்.

அப்போது உன் மேளம் கேட்டது.

புஷ்பா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடு ரோட்டில் வந்தாள். தாளம் கொஞ்சம் பிசகியது, நீ கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பாய். ஆனால் அது பெரட்டு அடிதான், நன்றாகவே தெரிந்தது. பக்கத்தில் உன் மகள் தர்ஷினி, முதுகில் பள்ளிக்கூடப் பை, கையில் வீட்டுச் சாவி. மழையில் ஊறித் தொய்ந்துபோன மேளத்தை விடிந்ததுமே கூரையில் வெயிலுக்குக் காயப் போட்டிருந்தாளாம். நான் ஊதுவேன் என்றும், ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்றும் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

படலைகள் திறந்தன. கொப்பியில் எழுதியபடியே ஆளுக்கு ஆள் தூக்கினார்கள். ஆனியில் முணுமுணுத்த வாய்களெல்லாம் இப்போது எனக்கே வழி சொல்லின. சின்னையா மாமா ஆற்றுப் பக்கம் போன ஆடுகளை மறித்துத் திருப்பி எங்களோடு சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் பெயர் வாசித்தேன். எல்லாப் பெயருக்கும் ஒரு குரல் "ஓம்" என்றது. கடைசிப் பெயருக்கு மாமா "இருக்கேன் கங்காணி" என்றார். உன் சொல் அவர் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

மத்தியானம் தண்ணீர் வந்தது. பளபளவென்ற வெயிலில், சத்தமே இல்லாமல், வயலை மூடி, ரோட்டை மூடி, துணி காய்ந்த கொடிகளை மூடிக்கொண்டு வந்தது. எல்லோரும் மேட்டில் நின்று பார்த்தோம். நான் புஷ்பாவின் கையைப் பிடித்து, "உன்ர புருசனை அண்டைக்கு நான்தான் அனுப்பினனான்" என்றேன். ஒன்பது வருடம் தொண்டையில் கிடந்தது அவ்வளவுதான்.

அவள் தண்ணீரில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும் மதினி. அக்கா சொன்னது எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர். அண்டைக்கு உங்கட சொல்லைக் கேட்டு அவர் போனார். இண்டைக்கு உங்கட சொல்லைக் கேட்டு நாங்கள் எல்லாரும் வந்தனாங்கள்."

பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். ஆனால் சொல்கிறேன் கேள், அது தோற்றவர்கள் அழுத அழுகை இல்லை.

வீடுகளுக்குள் சேறு இன்னும் முழுதாகப் போகவில்லை. உன் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் புஷ்பா கழுவ விடவில்லை, அதன் மேல் ஆணி அடித்து மேளத்தை மாட்டியிருக்கிறாள். நிஸார் நானா சொல்லி, முசலிப் பக்கத்துப் பெண்கள் எங்கள் கொப்பியைப் பார்க்க வந்தார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு சின்னையா மாமாதான் விளக்கினார். என்னைப் பேச விடவே இல்லை.

வருகிற ஆனியிலும் ஒத்திகை இருக்கிறது. விசிலைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டேன். மழை விட்டு வெயில் எறிக்கிற ஒவ்வொரு காலையிலும் துணி போட முன்னால் நானாவுக்குப் போன் அடிப்பேன், மோட்டர் போனால் போகட்டும் என்பேன். நான் இருக்கும் வரை இது தவறாது. அதற்குப் பிறகு தர்ஷினி பார்த்துக்கொள்வாள். அவளுக்கு இப்போதே தாளம் பிசகுவதில்லை.

இனி ஒருவரையும் அந்தப் பக்கம் அனுப்பாத,
உன் கங்காணி அக்கா,
லெச்சுமி