லாமார் கேட்டு வாங்கிய எல்லை

அன்பு மகள் கொரினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் இங்கே பெரிய குறை எதுவும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த அலாஸ்கா குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் சபையில் உன் பெயரைச் சொல்லி ஜெபம் செய்கிறோம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே ஏணியில் ஏறித் திரைச்சீலை மாட்டினாள், நான் திட்டியும் கேட்கவில்லை. தோட்டத்தில் கீரை நன்றாக வந்திருக்கிறது. போன வாரம் நீ போனில், லாமார் அண்ணன் ஏன் என்னிடம் சரியாகவே பேசமாட்டேன் என்கிறான், வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டாய். அம்மா பக்கத்தில் நின்றாள், ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒன்றுமில்லாமல் இல்லையம்மா, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ இங்கிருந்து போகும்போது பைபாஸ் ஓரம் முழுக்க புகையிலை வயலாக இருந்ததே, இன்றைக்கு அங்கே ஒரு செடிகூட இல்லை, எல்லாம் வீடுகள், வீடுகள் முடிந்த இடத்தில் அடுக்குமாடிகள், இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அண்ணன் மகள் ஐரிஸ் படிக்கிற பள்ளியில் இடம் போதாமல் விளையாட்டு மைதானத்தில் டிரெய்லர்களை நிறுத்தி வகுப்பு நடத்தினார்கள், சாப்பாட்டு அறையில் முறை வைத்ததில் சில பிள்ளைகளுக்குக் காலை பத்தரைக்கே மதியச் சாப்பாடு. அதனால் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் புதுப் பள்ளி ஒன்றைக் கட்டினார்கள், அது நல்ல காரியம்தான், ஆனால் அதை நிரப்ப எந்தத் தெருப் பிள்ளைகளை அனுப்புவது என்று பள்ளி வாரியம் வரைபடம் போட்டபோதுதான் ஊர் இரண்டுபட்டது. முதல் வரைபடத்தில் லாமாரின் குடியிருப்பு முழுவதும் புதுப் பள்ளிக்குப் போயிற்று. உன் அண்ணனைக் குறை சொல்வதற்கு முன்னால் அவன் பக்கத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஐரிஸுக்கு ஒன்பது வயதாகியும் திக்கல் போகவில்லை. மற்றப் பிள்ளைகள் அவசரப்பட்டு அவள் வார்த்தையைத் தாங்களே முடித்துவிடுவார்கள், சில பிள்ளைகள் அவளைப் போலவே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள், முதல் இரண்டு வருஷம் அவள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அப்புறம் மரிபெல் என்று ஒரு பெண் கிடைத்தாள். அவளோடு சேர்ந்த பிறகு ஐரிஸ் எழுந்து நின்று பாடம் வாசிக்கிறாள் என்று டீச்சர் சொன்ன அன்று உன் அண்ணி ஜனீன் பள்ளிக்கூட வாசலிலேயே அழுதுவிட்டாள். இந்தப் பெண்ணைத் திரும்ப முதலிலிருந்து தொடங்கு என்று சொன்னால் எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்?

லாமார் சும்மா இருக்கவில்லை. தெருவைக் கூட்டினான், வீட்டுக்கு வீடு முற்றத்தில் கோரிக்கை எழுதிய அட்டை நட்டான், எல்லோருக்கும் பச்சைச் சட்டை அச்சடித்தான், எனக்கும் ஒன்று கொடுத்தான், போட்டுக்கொண்டேன். பள்ளி விளையாட்டுக்கூடத்தில் கூட்டம், உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். உன் அண்ணன் மைக்கில் நன்றாகப் பேசினான், சட்டம் படித்தவன் மாதிரி பேசினான். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னான். எங்க தெருவை விட்டுட்டு, அதுக்குப் பதிலா ஓடை ஓரத்து அடுக்குமாடியை அனுப்புங்க, அவங்க வாடகைக்கு இருக்கிறவங்க, எப்படியும் ரெண்டு வருஷத்துல வீடு மாறிப் போயிடுவாங்க, யாருக்கும் பெரிய நஷ்டமில்லை என்றான். பச்சைச் சட்டைக் கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன் கொரின். அவனுக்குப் பின்னால் ஒரு பெண் மைக்குக்கு வந்தாள், மருத்துவமனைச் சலவைக்கூடத்துச் சட்டையோடு வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், டெல்ஃபினா என்று பெயர். குரலை உயர்த்தாமல் பேசினாள். "ஏழு வருஷமா நாங்க அதே வீட்டுலதான் இருக்கோம். நாங்க எங்கேயும் போகல, நீங்கதான் எங்களை மாத்திக்கிட்டே இருக்கீங்க. இது என் பொண்ணுக்கு மூணாவது ஸ்கூல் ஆகும். எங்க மரிபெல்லுக்கு இப்பதான் ஒரு சிநேகிதி கிடைச்சிருக்கா." லாமாரைப் பார்த்தேன், அவன் கையில் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து இன்னொரு முறை மைக்கைக் கேட்பான் என்று நினைத்தேன், அவன் எழுந்திருக்கவில்லை. அடுத்த மாதம் வாரியம் அவன் சொன்னபடியே எல்லையைப் போட்டது. தெருவில் கேக் வெட்டினார்கள்.

ஆகஸ்டில் பள்ளி திறந்து, மரிபெல் வகுப்பில் இல்லாதபோதுதான் ஐரிஸுக்கு முழுசாகப் புரிந்தது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், எல்லோரும் இருக்கும்போது, அந்த அடுக்குமாடியை அனுப்பச் சொன்னது நீங்களா அப்பா என்று கேட்டாள். அதைக் கேட்டு முடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் எழுத மாட்டேன். அவன் பொய் சொல்லவில்லை, அதற்காக அவனை மதிக்கிறேன். மரிபெல் அங்கே இருக்கிறாள் என்று பேசும்போது எனக்குத் தெரியாது, பிள்ளைகளைக் காரில் எங்கேயும் கொண்டுவிட்டதில்லை, பள்ளியிலேயே பார்த்துப் பள்ளியிலேயே பிரிந்தவர்கள் என்றான். ஐரிஸ் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள், அன்றிலிருந்து அப்பாவிடம் ஆம் இல்லை என்பதற்கு மேல் பேசுவதில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்த டெல்ஃபினாவைப் போய்ப் பார் என்று லாமாரிடம் சொன்னேன், கோபமாகத்தான் சொன்னேன், எனக்கு எட்டு வயதில் கறுப்புப் பிள்ளைகள் படித்த எங்கள் பள்ளியை மூடிவிட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் பள்ளிக்கு என்னை பஸ் ஏற்றி அனுப்பினார்கள், எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், அதை நீ மறந்துவிட்டாயா என்றேன். "நான் என் பொண்ணுக்காகப் பேசினேன். நீங்க எதுக்குக் கைதட்டினீங்க?" என்று கேட்டான். அன்றைக்கு எழுந்து போனவன்தான், அதற்குப் பிறகு ஞாயிறு சாப்பாட்டுக்கு வரவில்லை.

நானும் அம்மாவும் பெக்கான் பருப்பு வைத்த இனிப்புப் பலகாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு டெல்ஃபினா வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டாள், உள்ளே கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. மன்னிப்பு என்று நான் தொடங்கியதும், அதெல்லாம் வேண்டாம் மிஸ்டர் ஹோரேஸ், எனக்கு விடியறதுக்கு முன்னாடியே வேலை, பஸ் நெடுஞ்சாலை ஓரத்துலதான் நிக்குது, பொண்ணு அங்க தனியா நிக்குறா, அதுக்கு ஏதாவது வழி தெரிஞ்சா சொல்லுங்க என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். அந்த வாரத்திலிருந்து காலையில் மரிபெல்லை நான்தான் புதுப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறேன். முதல் சில நாட்கள் பின் சீட்டில் புத்தகப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒருநாள் தானாகவே, ஐரிஸுக்கு என் மேல கோபமா தாத்தா என்று கேட்டாள். இங்கே ஐரிஸ் வெட்கத்தில் கூப்பிடாமல் இருக்கிறாள், அங்கே இந்தப் பெண் தன் மேல்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு, இல்லையம்மா, உன் மேல யாருக்கும் கோபமில்ல, பெரியவங்க நாங்க செஞ்ச வேலை இது என்று மட்டும் சொன்னேன்.

போன சனிக்கிழமை டெல்ஃபினாவிடம் கேட்டு மரிபெல்லை வீட்டுக்கு அழைத்து வந்தேன், ஜனீன் ஐரிஸைக் கொண்டுவந்து விட்டாள். இரண்டும் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன, பிறகு அம்மா சோள ரொட்டி சுட்டு வைத்ததும் பின்கட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டன, அப்புறம் அவர்கள் சத்தம்தான் கேட்டது. சாயங்காலம் ஐரிஸை அழைத்துப் போக லாமார் வந்தான். பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்க வேண்டும், இஞ்சினை அணைத்துவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருந்தான், ஹாரன் அடிக்கவில்லை, உள்ளேயும் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தான். நான் வெளியே போகலாம் என்று கதவுவரை போனேன், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதனால் நீ அவனைக் கூப்பிடு கொரின். எனக்காகப் பேசாதே, பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பேசாதே, அங்கே பனி எவ்வளவு விழுந்திருக்கிறது என்று ஏதாவது சொல்லிக்கொண்டிரு, அவன் கெட்டவன் இல்லை, அது உனக்குத் தெரியும், அவனுக்குத்தான் இப்போது தெரியவில்லை. அந்தக் குளிரில் கார் கிளம்பாமல் போகும், பேட்டரியை இரவில் சூடாக்கி வைக்க மறக்காதே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நீ வேலை செய்யும் இடத்தில் நல்ல மனிதர்களை உன் பக்கத்தில் வைக்கட்டும். அம்மா முத்தம் அனுப்புகிறாள்.

என்றும் உன் நினைவாக இருக்கும் அப்பா,
ஹோரேஸ் காஸ்கின்ஸ்