நீதிபதி இல்லாத கோர்ட்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், அதற்குமேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் தம்பி காரியத்துக்கு வர முடியவில்லையே என்று மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, விமானமே பறக்காதபோது நீ என்ன செய்வாய்.

ஆட்சி எப்படிக் கவிழ்ந்தது என்று மாப்பிள்ளை கேட்டாராம். டிவியில் பெரிய ஆட்கள் என்னென்னவோ சொல்கிறார்கள். கோர்ட் வாசலில் நின்று பேர் கூப்பிடுகிற எனக்குத் தெரிந்தது இதுதான். வெளிநாட்டு நூல் மலிவாக வந்து இறங்கியதும் தம்பி வேலை பார்த்த மில்லை மூடினார்கள். அன்றைக்கு யாரும் கல்லெடுக்கவில்லை, கேஸ்தான் போட்டார்கள். ஜட்ஜ் மாற்றலாகிப் போனார், அந்த நாற்காலிக்கு வேறு ஆள் வரவேயில்லை. ஆனாலும் வாய்தா அன்று பேர் கூப்பிட்டே ஆக வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். காலி நாற்காலிக்கு முன்னால் தொண்டை கிழியக் கூப்பிடுவேன், சவரம் செய்து சலவைச் சட்டை போட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கும்பிட்டு நிற்பார்கள், கிளார்க் அடுத்த தேதி சொல்வார். தம்பியும் அந்த வரிசையில்தான். வீட்டில் எடுபடாத என் குரலுக்கு அங்கேயாவது மரியாதை இருக்கிறதே என்று அம்மா கேலி செய்வாள். பொறுமையாக இருங்கப்பா என்று நானும் கிளிப்பிள்ளை மாதிரி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வாய்தா அன்று காலையில் கசங்கின சட்டையோடு கிளம்பியவனிடம், கோர்ட்டுக்கு இப்படியாடா வருவாய் என்று கேட்டேன். அங்க யாருப்பா இருக்கா, என்றான். அன்று கூப்பிட்டேன், ஒருவரும் வரவில்லை, வராந்தாவே வெறிச்சோடிக் கிடந்தது. அத்தனை பேரும் ரோட்டில் இருந்தார்கள். சாயந்திரம் சுட்டார்கள். அடுத்த வாரமே ஆட்சி போய்விட்டது.

இப்போது புது அரசாங்கம், புது ஜட்ஜ். மில் கேஸைத்தான் முதலில் எடுத்திருக்கிறார். நல்ல மனிதர், சின்ன வயது. இவரைக் கொஞ்சம் முன்னால் அனுப்பியிருந்தால் உங்களுக்கு என்ன கெட்டுப்போயிருக்கும் என்று நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? என் பிள்ளையைக் கொடுத்துத்தான் இவரை வாங்க வேண்டியிருந்ததா? நானும் அம்மாவும் வாரிசாகக் கையெழுத்துப் போட்டால், கேஸில் தம்பி பேரை எடுத்துவிட்டு எங்கள் பேரைச் சேர்ப்பார்களாம். அம்மா பேனாவைத் தொடமாட்டேன் என்கிறாள்.

குழந்தையைக் குளிரில் வெளியே தூக்கிப் போகாதே. கோபத்தில் மாப்பிள்ளையிடம் சுள்ளென்று விழாதே, அவர் பொறுமைசாலி. எல்லோரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். மறக்காமல் அம்மாவைக் கூப்பிட்டு எடுத்துச் சொல், நீ சொன்னால் கேட்பாள். நானும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

உன் அப்பா