போர்டு புதுசுதான்

ஜூலை 22, செவ்வாய்

காலையிலிருந்தே ஆடிக்காற்று. கடை வாசலைக் கூட்டக் கூட்ட மண். மேலே பெயர் போர்டு கடகடவென்று ஆடுகிறது. ஒரு பக்கம் ஆணி கிடையாது, கட்டுக்கம்பிதான்.

கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்து மூன்றாவது மாதம். மூன்று மாதம் பார்க்கிறேன் என்று முருகையன் அண்ணன் முதல் நாளே சொல்லியிருந்தார். கடைக்காரர் அவர்தான். பார்த்துவிட்டு என்ன சொல்வார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மதியம் ஒரு போன். பக்கத்து ஊர் பெருநகரிலிருந்து சகாயமேரி அக்கா. தையல்காரர்.

"ஏம்மா, கேம் ஆடற கம்ப்யூட்டரு. உள்ள மூளை மாதிரி ஒண்ணு கீதாமே, அத மட்டும் மாத்துவீங்களா?"

பிராசஸரைச் சொல்கிறார். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறாராம். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து துப்பாக்கி கேம் ஆடுவார்களாம், ஆடிக்கொண்டே பேச்சு.

"போன்ல பேசுனா இயுத்து இயுத்து கேக்குது. கேம்ல பக்கத்துல குந்திக்கினு பேசற மாதிரி கீது. இப்ப கேமு புதுசா மாறிச்சா, எங்க கம்ப்யூட்டரு திக்குது. ரெண்டு வாரமா பேச்சே இல்ல. இந்த வெள்ளி அவருக்குப் பொறந்த நாளும்மா."

கேட்க வேண்டியதைக் கேட்டேன். "போர்டு எப்படிக்கா, பழசா?"

"போர்டுலாம் புதுசும்மா. போன மாசம்தான்..." ஏதோ கொட்டியது என்றார். சரியாகக் கேட்கவில்லை, வாசலில் பஸ் ஹாரன். திரும்பக் கேட்டிருக்கலாம். ஒருவரை இரண்டாவது முறை கேட்பதென்றால் எனக்கு வேர்த்துவிடும்.

அண்ணன்: "போர்டு கேட்டியா?"

நான்: "கேட்டேண்ணா. புதுசாம்."

"அப்ப புது மாடலே போட்டுடலாம்." உடனே சென்னைக்கு ஆர்டர் சொல்லிவிட்டார்.

ஜூலை 23, புதன்

பார்சல் வந்துவிட்டது. சின்ன அட்டைப் பெட்டி. பக்கத்தில் சன்னல் மாதிரி வெட்டி, உள்ளே பிராசஸர் தெரிகிறது. நண்டு காலைப் பரப்பிய மாதிரி ஒரு தகடு. அழகு.

நேற்றைய பேச்சு உறுத்திக்கொண்டே இருக்கிறது. கொட்டியது என்றாரே, என்ன கொட்டியது? பெட்டிக்குள் பிராசஸர் உட்காரும் மதர்போர்டில் எப்படிக் கொட்டும்?

கல்லூரியில் மதர்போர்டு பற்றி ஐந்து மார்க் கேள்வி. படம் போட்டு, பாகம் குறித்து, முழு மார்க். திறந்த பெட்டிக்குள் ஒன்றை நேரில் பார்த்தது இந்தக் கடைக்கு வந்த பிறகுதான். இதை வீட்டில் சொன்னதில்லை. நடவுக்குப் போகிற இடத்தில் எல்லாம் அம்மா, "எம் பொண்ணு கம்ப்யூட்டரையே பிரிச்சுப் போட்டு மாட்டும்" என்று சொல்லி வைத்திருக்கிறது.

சாப்பாட்டில் அப்பா: "இன்னாமா, மூஞ்சி ஒரு மாரி கீது?"

"ஒண்ணுமில்லப்பா. காத்துல மண்ணு."

போன் செய்து கேட்டுவிடலாமா? நம்பர் எடுத்தேன். வைத்துவிட்டேன். நாளைக்கு நேரிலேயே வருகிறார்.

ஜூலை 24, வியாழன்

சகாயமேரி அக்கா பெட்டியைப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தார். உள்ளே வரும்போதே சிரிப்பு.

"கண்டக்டரு, கொயந்தைக்கு அரை டிக்கெட்டு போடட்டான்றாரு. போடுய்யா, ஆனா சன்னலோரம் சீட்டு குடுன்னேன்."

கலகலப்பான ஆள்.

பழைய பிராசஸரைக் கழற்றினேன். சதுரமான தகடு. அடியில் சீப்புப் பல் மாதிரி பொன் நிற ஊசிகள். போர்டில் அதற்கேற்ற துளைகள். புதுப் பெட்டியை எடுத்து, சீலில் கத்தி வைக்கப் போனேன். சன்னல் வழியாக அந்த நண்டு. சதுரம் எங்கே, இது எங்கே.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அட்டையில் பொடி எழுத்தைப் படித்தேன். இதற்கு ஊசியே கிடையாது. இது உட்காரும் போர்டு வேறு. மெமரி கூட வேறு.

"அக்கா... போர்டு புதுசுன்னீங்களே."

"புதுசுதான். ஒனக்கு நம்பிக்கை இல்லன்னா பாரு. வேணுமோ என்னமோன்னு கையோட எடுத்தாந்தேன்."

பைக்குள் கை விட்டு எடுத்தார். கீபோர்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கலரில் லைட் எரியும் வகை.

"பழசுல கஞ்சி கொட்டிச்சு. அதான் மாத்தினேன்."

எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. பெருநகரில் மட்டுமில்லை, எங்கள் தெருவிலும் கீபோர்டு என்றால் போர்டுதான். சுவிட்சு போர்டும் போர்டுதான். எனக்குத் தெரியாததா?

அண்ணனிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மதர் ஆருன்னு பாக்காம புள்ளைய வாங்கியாந்துட்டோமா?"

அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு அவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப நாளைக்கு ஆவாதாம்மா?"

அண்ணன் விளக்கினார். புது பிராசஸரேதான் வேண்டும் என்றால் போர்டு, மெமரி எல்லாம் மாற்ற வேண்டும். அவ்வளவு செலவு அக்காவால் முடியாது. இன்னொரு வழி: பழைய போர்டே ஏற்றுக்கொள்ளும் பிராசஸர்களில் இருப்பதிலேயே வேகமானதைப் போடுவது. சீல் உடைக்காததால் சென்னைக்காரர் மாற்றிக் கொடுப்பார், காலை பஸ்ஸில் வந்துவிடும். ஆனால் அதற்கு முன் போர்டுக்கு பயாஸ் அப்டேட் போட வேண்டும். போர்டு கண் விழித்ததும் முதலில் படிக்கும் புரோகிராம் அது. அதைப் புதுப்பித்தால்தான் புது ஆளை அடையாளம் தெரியும்.

"பாதியில கரண்ட் போச்சுன்னா போர்டு காலி. நாளைக்கு நான் இல்ல, மாமியா ஊர்ல கூழு ஊத்தறாங்க. நீயே போட்டுடு."

நானே. யூ.பி.எஸ். பேட்டரி செத்துப்போய் வெறும் பீப் மட்டும் அடிக்கிறது.

அப்டேட்டுக்கு வேண்டுமே என்று பழைய பிராசஸரைத் திரும்ப மாட்டினேன். ஒரு ஊசி வளைந்தாலும் முடிந்தது கதை. வளையவில்லை.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. ஊர் முழுக்க மைக் செட்டு, சீரியல் லைட்டு. இந்த லோடில் ஃபேன் சுற்றுவதே பெரிது.

பிராசஸர் முதல் பஸ்ஸில் வந்துவிட்டது. சதுரம். ஊசிகள். மூன்று தடவை அட்டையைப் படித்தேன்.

செய்ய வேண்டியது:
பென்டிரைவில் ஃபைல். ஆச்சு.
போர்டின் பெயரும் ஃபைலின் பெயரும் ஒன்றுதானா. ஆச்சு, இரண்டு தடவை.
கரண்ட்.

கரண்டுக்கு நான் என்ன செய்வது. எதிர் டீக்கடையில் லைன்மேன் நின்றிருந்தார். சுற்றிலும் ஆண்கள். அந்தக் கடைக்கு நான் போனதே இல்லை, டீ கூட இங்கேதான் வரும். வாசல் வரை போனேன், திரும்பினேன். உள்ளே, காலையிலேயே வந்துவிட்ட அக்கா ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவும் போனேன்.

"அண்ணா, பத்து நிமிஷம் கரண்ட் போவாம இருக்குமா?"

லைன்மேன்: "இன்னாம்மா, ஆபரேஷனா பண்றே?"

"ஆமாண்ணா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. நகரவில்லை.

"காத்துல மரக்கொம்பு வியுந்தா நான் இன்னா பண்ணுவேன்? போனா சொல்லு, ஏறிப் போட்டுடறேன்."

"போனா அப்புறம் போட்டு பிரயோஜனம் இல்லண்ணா. போர்டு செத்துடும்."

அவர் கிளாஸை வைத்தார். "பூசை முடிஞ்சா மைக் செட்டு நிக்கும். அப்ப லோடு கம்மி. அப்ப பண்ணு."

டீ மாஸ்டர் முருகையன் அண்ணனின் கூட்டாளி. "பாட்டு நின்னா நானே கொரல் குடுக்கறேன், நீ போம்மா" என்றார்.

பாட்டு நின்றது. டீ மாஸ்டர் கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். பட்டனை அழுத்தினேன். திரையில் ஒரு கோடு, எறும்பு மாதிரி நகர்கிறது. பாதி தாண்டியதும் டியூப்லைட் ஒரு முறை கண் சிமிட்டியது. யூ.பி.எஸ். பீப். அக்கா "ஏசப்பா" என்று என் தோளைப் பிடித்தார். வலித்தது. கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கோடு முடிந்தது. திரை கறுத்தது. கறுத்தே இருந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்று கூட யோசித்துவிட்டேன்.

பிறகு வெளிச்சம்.

புதியதை மாட்டினேன். மூலையில் சின்ன முக்கோணம், போர்டிலும் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் தானாக இறங்குகிறது. அழுத்தவே வேண்டாம். போர்டுக்குப் பிடித்துவிட்டால் அவ்வளவு லேசு.

அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். குலுங்கலில் ஏதாவது கழன்றால்? வீட்டில் கரண்ட் இல்லாவிட்டால்? சாயங்காலம் வரை வேலை ஓடவில்லை. கடைசியில் போன் செய்தேன். நானாக ஒரு கஸ்டமருக்குப் போடும் முதல் போன்.

எடுத்ததும் படபடவென்று சுடும் சத்தம்.

"யம்மா, அப்பறம் பேசறேன்! யோவ், கேக்கு கெடக்கட்டும்யா, பின்னாடி ஆளு வர்றான் பாரு! அங்க இல்ல, மாடியில!"

அந்தப் பக்கம் ஸ்பீக்கரில், மஸ்கட்டிலிருந்து ஓர் ஆண் குரல், சிரித்துக்கொண்டே, "வுடுடி, வுடுடி."

வைத்துவிட்டார்.

ஜூலை 26, சனி

காற்று நேற்றைவிட மோசம். அண்ணன் இன்னும் வரவில்லை. வந்து என்ன சொல்வாரோ. நடந்ததை எந்த வரியில் ஆரம்பிப்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியே படாரென்று ஏதோ சத்தம். உடனே போன்.

"போர்டு போச்சும்மா!" ஓர் ஆண் குரல். காற்று இரைச்சலில் யாரென்று தெரியவில்லை.

இந்த முறை விடவில்லை. "எந்த போர்டுண்ணா? கீபோர்டா, மதர்போர்டா?"

"இன்னாது?"

"போர்டுங்கண்ணா. மேல என்ன பேர் போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"உங்க கடை பேருதாம்மா போட்டுகீது! எதிர் டீக்கடைலேந்து பேசறேன். வெளிய வந்து பாரு, காவாயில கெடக்குது."