நிலமில்லாதவர்களின் நஷ்டம்

கந்தர்வக்கோட்டை தாண்டியதும் பஸ்ஸுக்குள் தைலமர வாசனை வந்துவிட்டது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. அரைத்தூக்கத்தில், "எறங்குற எடம் வந்துருச்சாடி?" என்று பக்கத்து இருக்கையைக் கேட்டே விட்டேன். யாரோ ஓர் அம்மா, "எங்கிட்டு எறங்கணும்?" என்றார். நீ போய் நாலு மாதம் ஆகிறது.

பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறையில் நாம் இருவரும் ஒப்பந்த ஆய்வாளர்கள். மேட்டில் தைலமரம் வைத்த பிறகு கீழே குளம் ஏன் நிறைவதில்லை, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது நம் ஆய்வு. திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சென்னையில் இருந்துகொண்டு தன் அறக்கட்டளை மூலம் நிதி தந்தார். அவரிடமே, "அறிக்கைய மொதல்ல ஊர்ல வாசிப்போம்ங்க. அப்புறம்தான் ஒங்களுக்கு" என்றாய். அவர் சிரித்தார். நான்தான் உன் கையைக் கிள்ளினேன்.

குளக்கரைப் புளியமரத்தடியில் நீ வாசித்த பிற்பகல் இப்போது நினைத்தாலும் கனவு மாதிரிதான் இருக்கிறது. வற்றிய குளத்துக்குள் ஆடுகள் மெல்ல நடக்கின்றன. தும்பிகள் தாழப் பறக்கின்றன. உன் குரலில் பாதிப் பேர் கண்ணயர்ந்துவிட்டார்கள். அப்போது பாய் முடைகிற ஒரு பெண் எழுந்தார்.

"எங்களுக்கு நெலமே இல்லீங்க. அப்ப கொளம் வத்துனதுல எங்களுக்கு நட்டமே இல்லைங்களா?"

பட்டா நிலத்தை வைத்துத்தான் நாம் நஷ்டத்தை எழுதியிருந்தோம். மீனும் கோரையும் போனவர்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை. இத்தனை படித்தும் நம் இருவருக்கும் அது தோன்றவில்லை. நீ அறிக்கையை மூடிவிட்டாய்.

திரும்பும் பஸ்ஸில், "இதப் பின்னிணைப்பாப் போட்டுக்கலாம்" என்றேன். அந்த மாதத்தோடு நிதி முடிகிறது. என் வேலையும் முடிகிறது. அம்மாவின் மருந்து அந்த வேலையை நம்பித்தான் இருந்தது.

"மனுசங்களப் பின்னிணைப்புல போடுவியாடி? மறுபடி மொதல்லேருந்து கேக்கணும்."

"ஒனக்கென்ன, வீட்டுக்காரர் சம்பளம் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நிதி இன்னும் ஒரு வருடம் நீண்டது. ஆனால் நீ வரவில்லை. "வீட்ல வேலை கெடக்குடி, நீ பாரு" என்றாய். கிளப்பிவிட்டுக் கழன்றுகொண்டாளே, பிடிவாதக்காரி என்று பற்றிக்கொண்டு வந்தது. வீட்டிலிருந்தே ஆய்வுக் கேள்விகளைத் திருத்தித் திருத்தி அனுப்பினாய். நான் நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. வெயிலில் வீடு வீடாக அலைந்த நாளெல்லாம் உன்னைத் திட்டினேன். நீ படுத்த படுக்கையாகிவிட்டாய் என்று கேள்விப்பட்டபோதும் அறிக்கை முடியட்டும், போய்ப் பார்ப்போம் என்றிருந்தேன். பார்க்கவில்லை.

இன்று மத்தியானம் அதே மரத்தடியில் நான் வாசித்தேன். பாய் முடைகிறவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "இப்பச் சரியா இருக்குங்க. அந்தக்கா வரலைங்களா?" என்றார். நான் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பெரியவரும் வந்திருந்தார். காரில் ஏறப் போனவர் நின்றார்.

"இனிமே சொன்னா என்னம்மா. நிதிய நீட்டுனப்ப, ஒருத்தருக்குத்தான் சம்பளம் தர முடியும்னு அவங்ககிட்ட சொன்னேன். அப்ப அவளுக்கே இருக்கட்டும், அவகிட்ட சொல்லிராதீங்கன்னுட்டாங்க."

அந்த வருடம் முழுக்க நான் வாங்கியது உன் சம்பளம். வாங்கிக்கொண்டே உன்னைத் திட்டியிருக்கிறேன்.