ஒரு பட்டை தள்ளி

செவ்வாய், 4
காலையிலேயே புழுக்கம். டீ இரண்டு. முதியோர் வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் ஆபீஸிலிருந்து புகார். அவர்களுக்கு நான் எழுதிய மென்பொருளில் நர்ஸ் பெயரை மவுஸால் இழுத்து, வரைபடத்தில் அந்தந்தக் கிழமையின் பட்டை மேல் விட வேண்டும். அங்கே அந்த வேலையைச் செய்யும் ஸ்டெல்லா அக்கா விட்டால் மட்டும் ஒரு நாள் தள்ளி விழுகிறதாம். நேற்று ஒரு பிரெஞ்சு பென்ஷன்காரருக்கு ஊசி போட ஆளே போகவில்லை.

"திங்கள் மேலதான் தம்பி வச்சேன். அது செவ்வாய்ல போய் உக்காந்துக்குது."

என் லேப்டாப்பில் பத்து முறை போட்டுப் பார்த்தேன். பத்தும் சரி. பிறகு அந்த ஆபீஸுக்கே போய் முதலாளியிடம், எல்லார் முன்னாலும்: "சாஃப்ட்வேர் சரிதான் சார். அக்காவுக்கு மவுஸ் பிடிக்கத் தெரியல." யாரோ சிரித்தார்கள். நானும்.

புதன், 5
பதினொன்று வரை கரண்ட் இல்லை. பெரிய மார்க்கெட்டில் அம்மா கேட்ட கருவாடு, மறந்தாச்சு. முதலாளி போன்: "மறுபடியும் தப்பு. இந்த வாரம் பாப்பேன், அப்புறம் அந்தம்மாவ நிறுத்திடுவேன்." கொஞ்சம் உறுத்தல். கொஞ்சம்தான்.

வியாழன், 6
மறுபடி போனேன், இந்த முறை அக்கா மேசைக்கே. அதில் ஒரு சீட்டு, பென்சிலில்: 'அழுத்திப் பிடி. மூணு எண்ணு. அப்புறம் விடு.' தினமும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து பழகுகிறாராம்.

மென்பொருளின் விண்டோவை வலப்பக்கம் நகர்த்தி வைத்திருந்தார். இடது ஓரத்தில், திரையின் பின்னணியில், மாதா படம்.

"பெரிசாக்கினா மாதா மறஞ்சிடுறாங்க தம்பி. அவங்க மூஞ்சியப் பாக்காம எப்படி வேல செய்யறது?"

அவ்வளவுதான். மவுஸ் நிற்கும் இடத்தை வரைபடத்தின் ஓரத்திலிருந்து அளக்காமல், திரையின் ஓரத்திலிருந்து அளந்திருக்கிறேன். விண்டோ திரை முழுக்க இருந்தால் இரண்டும் ஒன்று. நான் எப்போதும் அப்படித்தான் சோதிப்பேன். மாதாவுக்கு விட்ட இடம் ஒரு பட்டை அகலம்.

ஒரே வரித் திருத்தம். யாரிடமும் மூச்சு விடவில்லை. சீ, என்ன ஜென்மம் நான்.

வெள்ளி, 7
தூறல். ஆபீஸுக்குள் போனதும் அக்கா கேக் நீட்டினார். "பழகினேன்ல, இன்னிக்கு ஒண்ணுகூடத் தப்பல!" சொல்லிவிட்டேன். "உங்க கை சரிதான்க்கா. நான் எழுதினதுதான் தப்பு. நேத்து திருத்திட்டேன்."

சீட்டை நான்காக மடித்தார்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்ன. இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லு."

சார் பத்துக்கு வருவார். இப்போது ஒன்பது ஐம்பது. வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே ஸ்டெல்லா அக்கா எல்லாருக்கும் நாற்காலி இழுத்துப் போடுகிறார்.