ஹொலண்டிலிருந்து வந்த அட்டைகள்

கட்டுகஸ்தோட்டை,
9.2.1986

அன்பு மகள் யசோதாவுக்கு,

நீயும் மாப்பிள்ளை விமலநாதனும் அந்தக் குளிர் தேசத்தில் நோய்நொடியில்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொண்டு அப்பா எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், அம்மா இல்லை. பேராதனை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்தும் நெஞ்சுவலி அவளை விடவில்லை, நேற்றுக் கருமாதி முடிந்தது. தந்தி அடிக்க உன் இப்போதைய விலாசம் என்னிடம் இல்லை, உன்னோடு நர்ஸ் வேலை பார்த்த செசிலியா நேற்று வந்தபோதுதான் கேட்டு வாங்கினேன். ஐந்து வருடமாகக் கேட்காமல் இருந்தவன் நான்தான். நீ மாப்பிள்ளையைக் கட்டியபோது சாதியைப் பிடித்துக்கொண்டு இனிமேல் கடிதம் போடாதே என்று உனக்கு எழுதினேனே, அதை அம்மாவிடம் சொல்லவேயில்லை. அவள் தினமும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பென்ஷன் எடுத்த பிறகு பொழுது போகாமல் ரேடியோவில் சிற்றலையைத் திருப்பிப் பார்த்தேன், வெறும் இரைச்சல். ரேடியோ திருத்துகிற மஹ்மூத், "செட்டுல பிழையில்ல சேர், நீளமா ஒரு செப்புக் கம்பிய ஒசரத்துல கட்டுங்க, முள்ள மயிரளவு நகத்துங்க, பொறுமை வேணும்" என்றான். பலாமரத்துக்கும் ஜன்னலுக்கும் கம்பி இழுத்தேன். ஒரு வாரத்தில் கை பழகி, ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம் ஹொலண்ட் வானொலி வந்தது, இங்கிலீஷில். அம்மா ஈரக் கையோடு ஓடி வந்து, "புள்ள இருக்கிற ஊரா? என்னங்க சொல்றாங்க?" என்றாள். மழையாம் என்றேன். அன்றிலிருந்து விளங்காத பாஷையைக் கேட்க எனக்கு முந்திக் கதிரையில் வந்து உட்காருவாள்.

எத்தனை மணிக்கு, எந்த மீட்டர் அலையில், எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எழுதிப் போட்டால் நிலையத்தார் படம் போட்ட அட்டை அனுப்புவார்கள் என்று மஹ்மூத் சொன்னதால் எழுதினேன். அட்டை வந்த அன்று அம்மா உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "எம்புள்ள எழுதிட்டா, வாசிங்க" என்று அழுதாள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை மகளே. அம்மா, நான் சுகம், கம்பளிச்சட்டை வாங்கியிருக்கிறேன் என்று வாசித்தேன். அப்புறம் அட்டைக்காகவே மாதாமாதம் எழுதினேன், ஏழு வந்தது. புள்ள முழுகாம இருக்காளா என்று கேட்டுக் கேட்டு அவள் என்னை விடவில்லை, ஐந்தாவது அட்டையில் உனக்குப் பெண் குழந்தை பிறந்ததாக வாசித்துவிட்டேன். அந்தக் குழந்தைக்கு நாலு சட்டை தைத்தாள். ஆஸ்பத்திரியில் கடைசியாக, "பேத்திக்கு என்ன பேரு வச்சிருக்காங்கன்னு ஒரு தடவ கேட்டு எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன் என்றேன்.

சட்டைகளைத் தனிப் பார்சலாக அனுப்பியிருக்கிறேன். உனக்குப் பிள்ளை உண்டா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. இல்லாவிட்டாலும் வைத்துக்கொள், அம்மா கை பட்டது. அவளிடம் சொன்ன பொய்க்கு நீ என்னை மன்னிக்க வேண்டாம், உன்னிடம் சொன்ன சொல்லுக்கு மன்னித்துக்கொள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இருவரும் நீடூழி வாழ வேண்டும். கடிதம் போடாதே என்று சொன்ன வாயாலேயே கேட்கிறேன், ஒரு வரி எழுது அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா
சேதுராமன்