தண்ணீரில் விழாத இரண்டு கட்டை

இன்று காலை மூன்றாவது வீட்டில் ஈரவிறகை மூட்டியிருக்கிறார்கள். மழை விட்டும் காற்று எழும்பாத நேரம். புகை மேலே போக வழியில்லாமல் என் கூரையடியில் வந்து நின்றது. உப்புத் தண்ணீரில் ஊறிய கட்டை எரியும்போது ஒரு கசப்பு வாசனை வருமே, அதுதான். கண் எரிந்தது. துடைத்துக்கொண்டே உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். மருமகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். கோட்டைத் தெருவில் துணி வியாபாரிகளுக்கு ஓலை எழுதிக் கொடுக்கும் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்கிறேன். ஓலை யாருக்கு என்று கேட்டார். சிநேகிதிக்கு என்றேன். எந்த ஊரில் இருக்கிறாள் என்றார். போன ஆடியில் போய்விட்டாள் என்றேன். புது ஓலை ஒன்றை எடுத்து எழுத்தாணியைப் பிடித்தார். பிறகு, "சொல்லுங்கம்மா" என்றார். நல்ல மனுஷர்.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஐப்பசியில் ஆரம்பித்த மழை கார்த்திகை பாதி வரைக்கும் விடவில்லை. ஏரி வீங்கி நம் வாசல் வரைக்கும் வந்துவிட்டது. கோட்டையிலிருக்கும் உலாந்தா வெள்ளைக்காரர்களின் கப்பல்கள் எப்போதும்போல அந்த மாதங்களில் இந்தப் பக்கமே வரவில்லை. மழை நின்றதும் வாடை பிடித்துக்கொண்டது. அதோடு குளிர்காய்ச்சலும் வந்தது. தோணிரேவில் நம் வரிசையில் ஏழு வீடு. ஏழிலும் யாராவது ஒருவர் பாயில் கிடந்தார்கள். உன் வீட்டுக்காரர் கிடந்தார், என் வீட்டுக்காரர் கிடந்தார். என் சின்னவனுக்கு அப்போது நாலு வயது. மத்தியானம் ஆனால் உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடும்.

விறகு இல்லை. பக்கத்துக் காடெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது. கோட்டையில் வெடிமருந்து செய்ய அடுப்புக்கரி கேட்டார்கள். நம் ஆண்களே வெட்டிக் கொடுத்து நெல் வாங்கிச் சாப்பிட்டோம். யாரையும் குறை சொல்வதற்கில்லை. மிச்சமிருந்த மட்டையும் சுள்ளியும் மழையில் ஊறிப்போய், ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு அணைந்துகொண்டே வந்தது. கஞ்சி காய்ச்ச முடியவில்லை. மிளகும் சுக்கும் போட்டு ஒரு வாய் வெந்நீர் வைக்க முடியவில்லை.

நாம் இரண்டு பேரும் அப்போது பேசிக்கொள்வதில்லை. வலைப்பாடு விஷயத்தில் வந்த சண்டை. யார் எந்த நாளில் ஏரியின் எந்த இடத்தில் வலை போடுவது என்கிற அந்த முறையில் உன் வீட்டுக்காரருக்கும் என் வீட்டுக்காரருக்கும் தகராறு. அவர்கள் இரண்டு நாளில் சமாதானமாகிவிட்டார்கள். நாம்தான் ஒரு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்தோம். நீ கடலோரக் குப்பத்திலிருந்து வாழ வந்தவள். ஏரிக்காரிக்கு அலையும் தெரியாது, அடக்கமும் தெரியாது என்று நீ சொன்னதாக யாரோ வந்து சொன்னார்கள். நீ சொன்னாயா என்று நான் கடைசி வரைக்கும் கேட்கவே இல்லை.

அன்று காலையில் நீ என் வாசலில் வந்து நின்றாய். இடுப்பில் கோடாலி. நான் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா பாத்துக்கினு கீறே? சண்டையை அப்பால வெச்சுக்கலாம். கழியை எடு, தீவுக்குப் போய் விறகு கொண்டாரலாம்" என்றாய்.

பொம்பளைகள் மட்டும் தோணி எடுத்துக்கொண்டு ஏரிக்கு அக்கரையில் இருந்த அந்தத் தீவுக்காட்டுக்குப் போனதாக அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்து யாருமில்லை. போகலாமா கூடாதா என்று யோசிக்க நேரமும் இல்லை. பிள்ளையைப் பக்கத்து வீட்டுக் கன்னியப்பரின் மகள் அஞ்சலையிடம் விட்டேன். அவளுக்கும் முந்தின நாள் வரைக்கும் காய்ச்சல்தான். கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண். அப்பாவை ஒரு கையிலும் என் பிள்ளையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நீ முன்னால், நான் பின்னால். ஏரியில் கழி ஊன்ற எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. இரண்டு தடவை சேற்றில் கழியை விட்டுவிட்டாய். நான் சிரிக்கவில்லை, சிரித்திருக்கலாம் என்று பிற்பாடு தோன்றியது. தீவில் இறங்கினபோது கோட்டையில் மணி அடித்தது காற்றோடு லேசாகக் கேட்டது.

காட்டுக்குள்ளும் எல்லாம் ஈரம். விழுந்த கிளைகளைப் பொறுக்கிப் பொறுக்கித் தோணியில் அடுக்கினோம். கடைசியாக நீதான் அந்த வேலமரத்தைப் பார்த்தாய். பட்டுப்போய் நின்றபடியே காய்ந்த மரம். வெளிப்பட்டை ஈரம், உள்ளே வைரம் பாய்ந்து கல் போல இருந்தது. மாற்றி மாற்றி வெட்டினோம். ஏழு கட்டை எடுத்தோம். ஏழாவதில் கோடாலிக் காம்பு முறிந்தது.

"போதும். வீட்டுக்கு ஒண்ணு. காய்ஞ்சது ஒண்ணு அடியில இருந்தாத்தான் ஈரம் பத்தும்" என்றாய்.

திரும்பும்போது வாடை எதிரில் வந்து முட்டியது. பாரம் அதிகம். கழி ஊன்றினால் தோணி முன்னால் போவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் போனது. பாதி விறகைத் தண்ணீரில் தள்ளிவிடலாம் என்று நான் சொன்னேன். நீ புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாய். ஏரிதானே, இடுப்புக்கு மேல் ஆழமில்லை. ஆனால் அந்தக் குளிர் எனக்கு இன்னும் முழங்காலில் இருக்கிறது. நான் முன்னால் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். நீ பின்னாலிருந்து தள்ளினாய். சேறு காலைப் பிடித்து இழுக்கும். உருவி எடுத்து அடுத்த அடி வைக்க வேண்டும். நடுவில் ஒரு மேட்டில் நின்று மூச்சு வாங்கினோம். உன் உதடு நீலமாக இருந்தது. உன் ஊரில் கடலில் இறங்கினால் இப்படி உறையாது, தண்ணீர் அடித்து அடித்துச் சூடாக்கிவிடும் என்றாய். ஒரு வருஷத்துக்குப் பிறகு உன்னோடு சேர்ந்து நான் சிரித்தது அப்போதுதான்.

கரைக்கு வந்ததும் நீ ஆட்களைக் கூப்பிட வரிசைப் பக்கம் போனாய். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நான் அதைச் செய்தேன். இரண்டு காய்ந்த கட்டையை எடுத்து, கரையில் குவிந்திருந்த எங்கள் பழைய வலைக்குள் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டேன். யோசித்துச் செய்தேன் என்றும் சொல்ல முடியாது, யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. உள்ளே பிள்ளை பல் கிட்டிக் கிடந்தான்.

நீ வந்து எண்ணினாய். ஐந்து இருந்தது. என்னைப் பார்த்தாய்.

"ஏழு வெச்சோமே?"

"இழுத்துக்கினு வரும்போது தண்ணியில விழுந்திருக்கும்" என்றேன்.

ஐந்தில் முதல் கட்டையை எடுத்து என்னிடமே நீட்டினாய். "உன் வூட்டுல கொழந்தை கீது." நான் வாங்கிக்கொண்டேன். கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

மிச்சம் நாலு. வீடு ஆறு. பிளக்கலாம் என்றால் இருந்த ஒரே கோடாலியும் முறிந்து கிடந்தது. ஆள் அதிகம் கிடந்த நாலு வீட்டுக்குக் கொடுத்தாய். விட்டுப்போனது கன்னியப்பர் வீடும் உன் வீடும். அன்று சாயங்காலம் உடைந்த சட்டி ஒன்றோடு என்னிடம் நெருப்புக் கேட்டு வந்தாய். நான் அடுப்பிலிருந்து தணல் அள்ளிப் போட்டேன். நீ உட்கார்ந்த இடத்துக்குப் பின்னால்தான் அந்த வலைச்சுருள் இருந்தது. பிள்ளை நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, சூடு குறைகிறது என்று சொல்லிப் போனாய்.

போனவள் உன் வீட்டுக்குப் பின்னால் மீன் காயப்போடும் பரணைப் பிரித்தாய். அந்த மூங்கிலையும் என் வீட்டுத் தணலில் பாதியையும் கன்னியப்பர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாய். மூங்கில் எவ்வளவு நேரம் எரியும்? மறுநாள் அஞ்சலை வெறும் ஈரக்கட்டையை மூட்டிப் பார்த்தாள். பிடிக்கும், அணையும். வீடு முழுக்கப் புகை. கிழவருக்கு இருமல் தாங்கவில்லை என்று அவளே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டாள். மூன்றாம் நாள் விடியும்போது கன்னியப்பர் போய்விட்டார்.

அவர் கை முடைந்த வலை நம் வரிசையில் எல்லார் வீட்டிலும் இருந்தது. நான் கட்டைகளைச் சுருட்டிய வலையும் அவர் முடைந்ததுதான். அன்று அவரை எடுத்துப்போகும்போது என் அடுப்பில் அந்த மூன்று கட்டையில் கடைசிக் கட்டை எரிந்துகொண்டிருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. கஞ்சி கேட்டான். நான் அழுதேன். எதற்கு அழுதேன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. சாவு வீட்டுக்குப் பக்கத்து வீடு, அழாமல் இருந்தால்தான் கேட்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகு நாம் எத்தனை வருஷம் சேர்ந்து இருந்தோம். வருஷா வருஷம் கார்த்திகையில் தீவுக்குப் போனோம். நமக்குப் பின்னால் மற்ற வீட்டுப் பெண்களும் வர ஆரம்பித்தார்கள். மூன்று தோணி, நாலு தோணி என்று ஆனது. நீயும் கழி ஊன்றக் கற்றுக்கொண்டாய், சுமாராகத்தான். யார் வீட்டில் ஆள் படுத்தாலும் முதலில் விறகோடு போகிறவள் நீ. இரண்டாவதாக நான் போவேன். நான் முந்திக்கொள்ளப் பார்ப்பேன், முடிந்ததில்லை. அந்த இரண்டு கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. உனக்குத் தெரியாது என்று நம்பிக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

போன வைகாசியில் நீ படுத்தாய். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஒரு மத்தியானம், வெயில் கொளுத்துகிறது, விசிறிக்கொண்டிருக்கிறேன். விறகுப் பேச்சே இல்லை. நீயாகச் சொன்னாய்.

"அந்தக் கட்டை தண்ணியில விழல. நான் தோணிக்குப் பின்னால தள்ளிக்கினு வந்தேன். விழுந்திருந்தா என் மேலதான் வந்து முட்டியிருக்கும்."

விசிறி நின்றுவிட்டது. அன்றைக்கே ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"கேட்டா நீ குடுத்திருப்பே. குடுத்த அப்பால உன் புள்ள போயிருந்தா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாய். "கேக்காம விட்டேன், அவரு போயிட்டாரு. அந்தக் கட்டை இருந்தா பொழைச்சிருப்பாரானு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாததை நான் இன்னானு ஊர்ல சொல்ல?"

நான் உன் காலைப் பிடித்துக்கொண்டேன். நீ காலை இழுத்துக்கொண்டாய். உனக்கு எப்போதுமே அது பிடிக்காது. கடைசியாக ஒன்று சொன்னாய்: அஞ்சலையிடம் சொல்லிவிடு, எனக்காக இல்லை, உனக்காகவும் இல்லை, அது அவள் அப்பன் விஷயம் என்று.

அது வரைக்கும் அந்தக் குற்றம் என்னுடையது மட்டும் என்று நினைத்திருந்தேன். பாதியை நீ தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாய் என்று அன்றுதான் தெரிந்தது.

நீ போய் இரண்டு மாதம் நான் சொல்லவில்லை. அஞ்சலை இங்கேதான் இருக்கிறாள், உனக்குத் தெரியுமே, இதே ஊரில் வாழ்க்கைப்பட்டு அப்பன் வீட்டிலேயே இருந்து பேரன் எடுத்துவிட்டாள். தினமும் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளினேன். புரட்டாசியில் ஒரு நாள் அவள் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், உன்னிடம் தண்ணீரில் விழுந்தது என்று சொன்னதையும் விடாமல்.

அவள் கை நிற்கவில்லை. ஐந்தாறு இறால் உரித்தாள். பிறகு கேட்டாள்.

"நைனாவுக்கு அது தெரியுமா?"

"தெரியாது."

"அவரு சாகிற அன்னிக்குக் கூட, பக்கத்து வூட்டுப் புள்ள பொழைச்சானானுதான் கேட்டாரு" என்றாள்.

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒரு மாதத்துக்கு மேல் என் வாசலை மிதிக்கவில்லை. வழியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவாள். நியாயம்தான். என் சின்னவன் இப்போது சொந்தத் தோணி வைத்திருக்கிறான். அவனிடமும் சொல்லிவிட்டேன். மறுநாள் நல்ல மீனாக எடுத்துக்கொண்டு அஞ்சலை வீட்டுக்குப் போனான். அவள் வாங்கிக்கொண்டாளாம்.

இந்தக் கார்த்திகையில் மழை விட்டதும் தீவுக்குப் போக நான் கழியை எடுத்தேன். நீ இல்லாமல் முதல் தடவை. இந்த வயதில் எதற்கு என்று மருமகள் தடுத்தாள். கரைக்குப் போனால் தோணியில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள், நீ நிற்கும் முன்பக்கத்தில். நான் ஏறினேன். காட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பொறுக்கினோம். திரும்பும்போது வாடை கொஞ்சம் வலுத்தது. அவள் கழியை வைத்துவிட்டு இறங்கப் பார்த்தாள். இறங்க வேண்டாம், இப்படிச் சாய்த்து ஊன்று என்று சொன்னேன். ஊன்றினாள்.

கரையில் அவளே பங்கு போட்டாள். காய்ந்தது தனியாக, ஈரம் தனியாக. நான் தள்ளி நின்றேன், எண்ணவில்லை. என் பங்கைக் கட்டிக் காலடியில் வைத்தாள்.

"நீ போ அத்தே. எங்க வூட்டுச் சொமை கெடக்கட்டும், நான் அப்பால வந்து எடுத்துக்கிறேன்" என்றாள்.

அவள் வீட்டுச் சுமையைத் தூக்கி என் தலையில் வைத்துக்கொண்டேன். கழுத்து கொஞ்சம் ஆடியது. அவள் பிடிக்க வரவில்லை, தடுக்கவும் இல்லை. கன்னியப்பர் இருந்த அந்த வீடு வரைக்கும் நடந்து வாசலில் இறக்கினேன். அதற்குப் பிறகுதான் என்னுடையதை எடுக்கத் திரும்பிப் போனேன்.